செத்துப்போகிற வேலை

என் சாவுக்கு நானேதான் கைநாட்டு வைத்தேன். அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரன் கட்டட வேலைக்கென்று தாய்லாந்து எல்லையைத் தாண்டிப் போனான். போனவன் போனவன்தான். மூன்று வயது மகள் பிஸேயை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் சியம் ரீப் நகரத்துக்கு வந்து, ஊருக்கு வெளியே இருந்த குழந்தைகள் இல்லத்தின் கதவைத் தட்டினேன். அங்கே சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இல்லத்தை நடத்துகிற வுத்தி ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலை இருக்கு. ஆனா இங்க படுக்கை அநாதைப் புள்ளைங்களுக்கு மட்டும்தான். அம்மாவோட இருக்குற புள்ளையப் பாத்து எந்த வெள்ளைக்காரி உருகுவா, நீயே சொல்லு."

"அப்ப இவள நான் எங்க ஐயா விடுறது?"

"எங்கயும் விட வேணாம். அம்மா செத்துட்டான்னு எழுதிக்குவோம். நீ சமையல் சித்தி. பக்கத்துலயே இருப்பே, பாத்துக்கிட்டே இருப்பே. புள்ளைக்கு மூணு வேளை சோறு, இங்கிலீஷு, கால்ல செருப்பு. ஒரே ஒரு கைநாட்டு."

குடும்ப அட்டையைப் பார்த்து எழுதினார்: தாய் மியாஸ் கிம்லாங், காலமானார். நான் கட்டைவிரலை மையில் தோய்த்து அமுக்கினேன். அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அதில் அம்மா என்கிற பட்டமும் சேர்த்தி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பிஸேக்கு அதை ஒரு விளையாட்டாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளைக்காரர்கள் முன்னால் நான் சித்தி, அடுப்படியில் அம்மா. காலையில் பேன் பார்க்கிற சாக்கில் அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வேன். அவள் என் காதில் வாயை வைத்து "அம்மா" என்று ஊதிவிட்டுச் சிரிப்பாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு அன்றைய பொழுது ஓடிவிடும்.

இல்லத்துக்குச் சேவை செய்ய வருகிறவர்கள் இரண்டு வாரம் இருப்பார்கள், மிஞ்சிப்போனால் ஒரு மாதம். ஒருத்தி போனால் அடுத்தவள். வந்ததும் சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள். அடித்த சுவருக்கே அடித்து அடித்து, அந்தச் சுவர் ஒரு விரற்கடை தடித்துவிட்டது. பிறகு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு "உன் அம்மா எங்கே?" என்று கேட்பார்கள். "செத்துட்டாங்க" என்று பிஸே சொல்வாள். உடனே கட்டி அணைப்பு, முத்தம், ஒரு மிட்டாய். அழும்போது அவர்கள் நிஜமாகத்தான் அழுவார்கள். மூன்று வருஷத்தில் என் பிள்ளை அதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஆறு வயதுப் பிள்ளையின் மனது அம்மியைவிடக் கெட்டியா என்ன? போன வருஷத்திலிருந்து காதில் ஊதுவது நின்றுவிட்டது. நானாகக் கேட்டால் "சித்தி, யாராவது வந்துடுவாங்க" என்று நழுவிவிடுவாள். பிறகு அதையும் சொல்வதில்லை. சும்மா என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் லீஸ்பெத் வந்து சேர்ந்தாள். பெல்ஜியம் நாட்டுக்காரி, இருபத்து மூன்று வயது. பிள்ளைகள் வாயில் லீபெத் டீச்சர். வந்த அன்றே பிஸே அவள் இடுப்பில் ஏறிவிட்டாள், இறங்கவேயில்லை. மற்றவர்களைப் போல இவள் இரண்டே வாரத்தில் கிளம்பவில்லை. மூன்று மாதம் இருந்தாள். தட்டுக் கழுவ வருவாள், வெங்காயம் உரிப்பாள், எனக்குத் தலைவலி என்றால் மாத்திரை கொண்டுவந்து தருவாள். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வசவு வைது தீர்த்திருப்பேன். நல்லவளை என்ன செய்வது?

பிண்டப் பெருநாள் வந்தது. அந்தப் பதினைந்து நாளும் செத்துப்போனவர்கள் பசியோடு விகாரை விகாரையாகத் தங்கள் பிள்ளைகளைத் தேடி அலைவார்கள், கடைசி நாள் ஊரே சொந்த ஊருக்குப் போய் அவர்களுக்குச் சோறு வைக்கும். இதை யாரோ லீபெத்துக்குச் சொல்லிவிட்டார்கள். நேரே வுத்தி ஐயாவிடம் போய், பிஸே இதுவரை அவள் அம்மாவுக்குச் சோறு வைத்திருக்கிறாளா என்று கேட்டாள். இல்லையா? அப்படியானால் தான் ஊருக்குத் திரும்புவதற்கு முன் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். கார் வேண்டாம், உங்கள் ஜனங்கள் எப்படிப் போவார்களோ அப்படியே பொது வண்டியில் போகிறோம் என்றும் சொல்லிவிட்டாள்.

வுத்தி ஐயா அடுப்படிக்கு வந்து பல்லைக் காட்டினார்.

"கிம்லாங், உன் திவசத்துக்கு நீயே கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடு. உனக்குத்தான் அந்தப் பக்கம் வழி தெரியும்."

"விளையாடாதீங்க ஐயா. உயிரோட இருக்குறவ பேரச் சொல்லி யாராவது சோறு வைப்பாங்களா? தரித்திரம்!"

"அப்ப அந்தப் பொண்ணுகிட்டப் போயி நான்தான் அம்மான்னு சொல்லு. சாயந்திரமே நீயும் உன் புள்ளையும் மூட்டையக் கட்டிடலாம்."

மூட்டையைக் கட்டினால் போக எங்களுக்கு ஒரு கூரை கிடையாது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அன்று ராத்திரி எள்ளும் ஒட்டரிசியும் சேர்த்துப் பிண்டச் சோறு பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு ஆசையும் முளைத்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நானும் என் பிள்ளையும் அந்த வேலிக்கு வெளியே போகப்போகிறோம். லீபெத்துக்கு எங்கள் மொழியில் தெரிந்தது நாலே சொல்: சோறு, தண்ணீர், வா, அம்மா. அவள் அந்தண்டை நகருகிற ஒரு நிமிஷத்தில் பிஸேயை "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட வைத்துவிட வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக நான் சாகவும் தயாராக இருந்தேன். அதான் ஏற்கெனவே செத்தாகிவிட்டதே.

காலையில் லீபெத் போனில் படத்தைப் பார்த்து ஒரு இடத்தில் போய் நின்றாள். அங்கே வண்டி நிற்கும் என்று போன் சொல்கிறதாம். ஒரு இளநீர்க் கடையும் ஒரு நாயும்தான் அங்கே நின்றன. "வண்டி இங்க நிக்காதும்மா" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அரைமணி நேரம் நின்றாள். கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வெள்ளைக்காரம்மாவுக்குத் தனியா ஒரு வண்டி போன் வழியா வருதாக்கும்?"

"உனக்கென்ன, இளநீ வித்துச்சுல்ல. பேசாம வெட்டு."

பிறகு நான் முன்னால் நடந்தேன், அவர்கள் பின்னால் வந்தார்கள். சந்தை முனையில் க்ராலாஞ் பக்கம் போகிற வேன் ஒன்று நின்றது. பதினைந்து பேர் உட்காரும் வண்டியில் அதற்குள் பதினெட்டுப் பேர், பின்கதவில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று லீபெத் கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"நெறஞ்சா கெளம்பும்" என்றான் டிரைவர்.

"இதுக்கு மேல எங்கய்யா நெறையறது?"

"நீங்க மூணு பேர் ஏறினா கொஞ்சம் நெறையும்."

ஏறினோம். லீபெத் பிஸேக்கும் சேர்த்து முழு இருக்கைக்குக் காசு கொடுத்தாள். டிரைவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்த இருக்கையிலேயே ஒரு கோழிக் கூடைக்காரனை உட்கார வைத்தான். பிஸேயைத் தூக்கி என் பக்கம் நீட்டினான். "புள்ளைய மடில வச்சுக்கம்மா. அப்படியே உன்ன உரிச்சு வச்சாப்புல இருக்கா, இவளுக்குத் தனி சீட்டு எதுக்கு?"

என் கை தானாக நீண்டது. பிஸே அவன் பிடியிலிருந்து நெளிந்து லீபெத்தின் மடியில் போய் ஏறிக்கொண்டாள். நான் நடுவழியில் போட்ட பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தேன், சோற்றுத் தூக்கை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

புவோக் ஊரைத் தாண்டியதும் லீபெத்துக்குக் குமட்டத் தொடங்கிவிட்டது. கண்ணை மூடி, ஜன்னலோடு நெற்றியை ஒட்டிக்கொண்டாள். இதுதான் நேரம் என்று நான் பிஸேயின் பக்கம் குனிந்தேன். அப்போது பின் இருக்கையிலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது.

"ஏய், நீ கிம்லாங்தானே? மியாஸ் வீட்டுக் கடைசிப் பொண்ணு?"

யாத் பெரியம்மா. எங்கள் ஊர்க்காரி, என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. பெருநாளைக்கு ஊருக்குப் போகிறாள். என் ஊர் விகாரைக்குப் போனால் மாட்டிக்கொள்வோம் என்று, பாதி வழியில் யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு விகாரையில் இறங்கிக்கொள்ளத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். ஊர் என்னவோ வண்டியில் ஏறியே வந்துவிட்டது.

"இது பிஸேயா? ஆத்தாடி, எவ்வளவு வளந்துட்டா! ஏண்டி கண்ணு, உங்கம்மா உனக்குச் சோறே போடுறதில்லையா, இப்படி ஈர்க்குச்சியா இருக்கே?"

"எங்கம்மா செத்துட்டாங்க" என்றாள் பிஸே. ஒரு தயக்கமும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்போமே, அந்தக் குரல்.

பெரியம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "வாயக் கழுவுடி! பிண்ட நாளு அதுவுமா பேசுற பேச்சா இது?"

நான் அவள் முழங்காலைப் பிடித்து அழுத்தினேன். மெதுவாக, வேகமாக, இல்லத்தையும் கைநாட்டையும் சொன்னேன். "சத்தம் போடாதீங்க பெரியம்மா. இந்த வெள்ளைக்காரப் பொண்ணுக்குத் தெரிஞ்சா எங்க சோத்துல மண்ணு. அது என் வேலை. அவ்வளவுதான்."

"செத்துப்போறது ஒரு வேலையாடி?"

"சோறு போடுதே."

பெரியம்மா தாம்பூலத்தைக் குதப்பிக்கொண்டே என்னையும் பிஸேயையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு என் மேல் கோபம், நியாயமான கோபம். ஆனால் கோபம் வந்தால் நேராகத் திட்டாமல் சுற்றி வளைத்துக் குத்துவது எங்கள் ஊர்ப் பழக்கம். பிஸேயின் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அப்ப உங்கம்மாவுக்குத்தான் சோறு வைக்கப் போறியா கண்ணு?"

"ஆமா."

"நல்லா வை. ரொம்பப் பசியா இருப்பா. செத்தவங்களுக்கு வாயி ஊசி ஓட்டை மாதிரி ஆயிடும், தெரியுமா? எவ்வளவு தின்னாலும் உள்ள போகாது."

"அவங்க வருவாங்களா?"

"வராம? பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்துதானே ஆகணும். பக்கத்துலயே வந்து நிப்பா. இதோ, இந்தச் சித்தி மாதிரியே இருப்பா. இதே நெத்தி, இதே மூக்கு. நாந்தான் உங்கம்மான்னு சொல்லுவா பாரு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, எப்படி என்பதுபோலத் தாடையை நிமிர்த்தினாள். எனக்கு வைத்த குத்து அது. பிள்ளைக்கு உண்மையைக் கோடி காட்டிவிட்டதாகவும் நினைத்திருப்பாள், பாவம். நானும் மடச்சி, ஒரு நிமிஷம் அவளை மனதுக்குள் வாழ்த்தினேன். பிஸே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் கலைந்து பழைய பாசம் திரும்புகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் இறங்குகிற இடத்தில் லீபெத் போனைப் பார்த்து, இது சரியான இடம் இல்லையே, ஊர் இன்னும் பத்தொன்பது கிலோமீட்டர் இருக்கிறதே என்றாள். பிஸே அம்மாவின் சாம்பல் இங்கேதான் இருக்கிறது என்று பொய் சொன்னேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். வேன் கிளம்பும்போது யாத் பெரியம்மா ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "ரொம்ப நாள் செத்துக் கெடக்காதடி, கிம்லாங்!" நல்லவேளை, லீபெத் அப்போது சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

விகாரையில் கால் வைக்க இடமில்லை. பட்டுப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகக் கூட்டம். பிக்குகளுக்கும் ஊராருக்கும் நடுவில் நின்று காரியம் செய்விக்கிற ஆச்சார், மூக்குக் கண்ணாடிப் பெரியவர், செத்தவர்களின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். லீபெத் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். இல்லத்துக் கோப்பைப் பார்த்து எழுதி வைத்திருந்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மியாஸ் கிம்லாங்."

வேறு ஏதாவது பெயரைச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். அந்தக் காகிதம் அவள் கையில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அது என் பெயர் என்று அவளுக்குத் தெரியாது, வெள்ளைக்காரர்களுக்கு நான் வெறும் சமையல் சித்தி.

"எப்ப தவறினாங்க?" என்று ஆச்சார் என்னைக் கேட்டார். வெள்ளைக்காரியிடம் கேட்டு என்ன பயன்?

"மூணு வருஷம் ஆகுது."

"என்ன சீக்கு?"

"காய்ச்சல்."

"நீங்க அந்தம்மாவுக்கு என்ன வேணும்?"

"தெரிஞ்சவ" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பிக்கு அந்தத் தாளை வாங்கி, கணீரென்ற குரலில் ஒவ்வொரு பெயராகப் படித்தார். என் பெயர் வந்தபோது சுற்றிலும் இருந்த அத்தனை பேரும் கைகூப்பியிருந்தார்கள். நானும் கூப்பினேன். உயிரோடு இருப்பவளைச் செத்தவர்கள் வரிசையில் கூப்பிட்டால் ஆயுசு குறையும் என்பார்கள். குறையட்டும் என்று விட்டுவிட்டேன். லீபெத் சத்தமில்லாமல் அழுதாள், ஒரு கையால் பிஸேயையும் இன்னொரு கையால் என்னையும் அணைத்துக்கொண்டாள்.

"தாத்தா, இப்ப வந்துட்டாங்களா?" என்று பிஸே ஆச்சாரைக் கேட்டாள்.

"பேரச் சொல்லியாச்சுல்லம்மா, வந்திருப்பாங்க. விடியறதுக்கு முன்னாடி வைக்க வேண்டிய சோறு, நீங்க லேட்டு. பரவால்ல, பின்னால மரத்தடி நெழல்ல வச்சுடு. பசிச்சவங்களுக்கு வெளிச்சமாவது இருட்டாவது."

மரத்தடியில் யாருமில்லை. வாழையிலைத் துண்டுகளும் எறும்புமாகக் கிடந்தது. லீபெத் முகம் கழுவிக்கொண்டு வருவதாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். நான் எதிர்பார்த்த நிமிஷம் வந்துவிட்டது. பிஸேக்கு முன்னால் மண்டியிட்டு அவள் தோளைப் பிடித்தேன்.

"பிஸே, இங்க யாருமில்ல. என்னப் பாரு. நாந்தான் உங்கம்மா."

அவள் அசையவில்லை.

"நாந்தான்டி கண்ணு. ஒரே ஒரு தடவ அம்மான்னு சொல்லு. முன்னெல்லாம் காதுல ஊதுவியே."

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். பிறகு அவள் கண் என் வாயில் வந்து நின்றுவிட்டது. அவள் கால் வழியாக ஒண்ணுக்கு இறங்கிச் செருப்பை நனைத்தது. வண்டியில் பெரியம்மா சொன்ன பேச்சு அவளுக்குள் என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. பிடித்திருந்த கையை விட்டேன். அவள் ஓடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஓடினால் பின்னால் வருவேன் என்று பயந்திருப்பாள். தூக்கைத் திறந்து, நான் ராத்திரி பிடித்த சோற்றுருண்டையில் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து, எனக்கு எட்டுகிற தூரத்தில் இலையில் வைத்தாள். முகத்தைத் திருப்பாமல் பின்வாங்கிப் போய் நின்று கைகூப்பினாள்.

"அம்மா, சாப்பிட்டுட்டுப் போயிடுங்கம்மா. எங்கூட வந்துடாதீங்க."

அம்மா என்று இரண்டு தடவை சொன்னாள்.

லீபெத் திரும்பி வந்ததும் பிஸே பாய்ந்து அவள் இடுப்பில் ஏறி, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என்ன ஆயிற்று என்று லீபெத் கேட்டாள். அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னேன். பிறகு அந்த உருண்டையை எடுத்து, வாயை எவ்வளவு அகலமாகத் திறக்க முடியுமோ அவ்வளவு அகலமாகத் திறந்து, முழுசாகத் திணித்து மென்றேன். என் வாய் சாதாரண வாய்தான் என்று அவள் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். மென்று முடித்து விழுங்கும் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.